விசிறிக்கு ஒரு ரிலே



மாலை மதரஸாவுக்கு நம் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டி ஒரு பழைய அம்பாசிடர். 2014இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆயினும் அதைக் கைவிட மனமில்லாத சகோதரர் ஒருவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று வேறொரு என்ஜினைப் பொருத்தினார். பெல்ட்டால் சுழலும் பழைய விசிறிக்கு அதில் இடமில்லாததால், ரேடியேட்டரை ஒட்டி மின்விசிறி வைக்கப்பட்டது.

பௌர்ணமி மாலைகளில் ரமணாசிரமத்தின் முன்னே செங்கம் சாலையில் வண்டிகள் ஊர்ந்தே செல்வதை நாம் அறிவோம். விரையும் வண்டியின் ரேடியேட்டரை எதிர்காற்றே குளிர்விக்கும். ஊரும் வண்டிக்கு விசிறியே கதி. அத்தகைய ஒரு மாலையில், பிள்ளைகள் உள்ளே அமர்ந்திருக்க, டாஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் தீங்கில்லை. பிரித்துப் பார்த்தபோது விசிறியின் சுவிட்ச் உருகிக் கிடந்தது. விசிறிக்குரிய மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே சென்றிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 180 வாட் விசிறி 15 ஆம்பியர் இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். தேய்ந்த சுவிட்சின் தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 15ஐ 15ஆல் பெருக்கி அதை 0.1ஆல் பெருக்க, 22.5 வாட் வெப்பம் பிறக்கும். ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயனின் வெப்பம் அது! ரிலே வைத்தால் அதே சுவிட்சின் வழியே செல்வது அதன் காயிலுக்கு வேண்டிய சுமார் 0.2 ஆம்பியர் மட்டுமே. அப்போது பிறக்கும் வெப்பம் 0.004 வாட்.

ரிலேயின் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர்க்கம்பி, 87இலிருந்து விசிறிக்கு. இவ்விரண்டும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருக்கட்டும். 86க்கு இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம். 85இலிருந்து ரேடியேட்டரின் வெப்பச் சுவிட்ச் வழியே எர்த். நீர் சூடேறினால் விசிறி தானே சுழலும். சாவியை எடுத்த பின்னும் விசிறி ஓடவேண்டும் என்று சிலர் 86ஐப் பேட்டரியோடு நேரே இணைப்பர். பேட்டரி தீர்ந்துபோகும் என்பதால் நமக்கு அதில் உடன்பாடில்லை.

ஃபியூஸைப் பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் வையுங்கள். அது காப்பது விசிறியை அன்று, கம்பியை. டாஷ்போர்டு அருகே வைத்தால், இடையிலுள்ள கம்பி உரசி பாடியில் பட்டாலும் அது அறியாது. இவ்வண்டிக்கு 25 ஆம்பியர் ஃபியூஸும் 40 ஆம்பியர் ரிலேயும் பொருத்தினோம். ஃபியூஸ் எரிந்தால் அதனிடத்தில் வெள்ளித்தாளைச் சுற்றும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு. பிள்ளைகள் ஏறும் வண்டியில் அது அமானிதத்துக்கு இழைக்கும் துரோகம்.

வேலை முடிந்ததும் விசிறி தானே சுழலும்வரை வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். பத்து நிமிடம் சுழன்றபின் என்ஜினை அணைத்து, சூடான பாகங்களில் கை படாமல் கம்பி இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஓரிணைப்பு மட்டும் சுட்டால் அதைப் பிரித்து மீண்டும் இறுக்கவேண்டும்.