பென்ஸ் காரும் சைக்கிள் கேபிளும்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் கழித்து ஓய்வுபெற்ற ஒருவன் எத்தகைய கார் வாங்க வேண்டும் என்பதில் ஊருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நான்கு கதவுகள், சிறிய இயந்திரம், ஜப்பான் தயாரிப்பு. நான் 2017 இல் வாங்கியதோ 1981 ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 230 சிஈ. கதவுகள் இரண்டே. “கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடப் போறியளோ?” என்று திருகோணமலைப் பிரதான வீதியில் என்னைக் கேட்காதவர் குறைவு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள நண்பர்கள் மின்னஞ்சலில் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. எல்லோருக்குமாக இங்கே ஒரு பதிலை எழுதிவிடுகிறேன்.

123 என்ற எண்ணால் அறியப்படும் இந்த வரிசைக் கார்களை ஜேர்மனியர் 1976 இல் அறிமுகப்படுத்தினர். உற்பத்தியான ஏறத்தாழ 27 இலட்சத்தில் பெரும்பாலானவை நான்கு கதவுச் சலூன்கள். பல நாடுகளில் வாடகைக் கார்களாக உழைத்துத் தேய்ந்தவை. 1977 இல் வெளிவந்த இரண்டு கதவுக் கூப்பே ஏறத்தாழ ஓர் இலட்சம் மட்டுமே. சலூனின் சில்லிடைத் தூரத்தில் 85 மில்லிமீற்றரைக் குறைத்து, கூரையைத் தாழ்த்தி, முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலிருந்த தூணையும் நீக்கிவிட்டார்கள். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினால் பக்கவாட்டில் மறைப்பு எதுவும் இல்லை. மாலையில் உட்துறைமுக வீதியால் மெதுவாகச் செல்லும்போது முழுக்குடாவும் காருக்குள் வந்துவிடும். என் ஆசை இவ்வளவுதான்.

துறைமுக நகரில் பழைய கார் வாங்குவோர் முதலில் தேட வேண்டியது உப்பை. சில்லு வளைவுகள், ஜக் வைக்கும் இடங்கள், பற்றரித் தட்டு, முன் கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகியவற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். புதிய பெயின்ற் பளபளக்கும் இடத்தில் சந்தேகம் இருமடங்காக வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு கேள்வியும் உண்டு: 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இந்தக் கார் எங்கே நின்றது? கடல்நீர் புகுந்த வாகனத்தை எத்தனை முறை கழுவினாலும் கம்பளத்துக்கு அடியில் தகரம் உண்மையைச் சொல்லும். இந்தக் கார் அன்று உவர்மலையில், ஒரு மருத்துவரின் வீட்டில் நின்றிருந்தது. உப்புக் காற்று தின்ற இடங்கள் இருந்தன, கடல் புகவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தது பதிவுப் புத்தகம். கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு, பெயர் மாற்றாமலேயே கைமாறும் வாகனங்கள் நம் நாட்டில் ஏராளம். இதில் ஒவ்வொரு கைமாற்றமும் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. முதலில் கொழும்பு நிறுவனமொன்று. அடுத்துக் குருநாகலைச் சேர்ந்த சிங்கள ஒப்பந்தக்காரர். 1991 இல் கிண்ணியாவின் முஸ்லிம் மீன் வியாபாரி. 1999 இல் உவர்மலைத் தமிழ் மருத்துவர். நான் ஐந்தாமவன். மீன் வியாபாரியின் காலத்தில்தான் இயந்திர இலக்கம் மாறியிருந்தது. பெற்றோலில் பிறந்த கார் டீசலுக்கு மாறியிருந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அந்நாளில் டீசல் பெற்றோலைவிட மிக மலிவு. வீதி மூடப்பட்டால் கார் வாரக்கணக்கில் அசையாது நிற்கும். இந்தக் காரின் பெற்றோல் செலுத்தும் அமைப்போ நுட்பமானது. அழுக்கு எரிபொருளையும் நீண்ட ஓய்வையும் அது பொறுக்காது. யாழ்ப்பாணத்தார் 1990 இன் பின் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் சில துளி பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியதை நாம் அறிவோம். இங்கே ஒரு மீன் வியாபாரி, நொறுங்கிய 240 டி சலூன் ஒன்றின் 2.4 லீற்றர் டீசல் இயந்திரத்தை வாங்கிப் பூட்டினார். 136 குதிரை வலு போய் 72 வந்தது. பென்ஸ் நிறுவனம் இந்த வரிசையில் டீசல் கூப்பேயை வட அமெரிக்காவுக்கென மட்டுமே தயாரித்தது. கிண்ணியாவின் ஒரு கராஜில் அதற்கொரு தம்பி பிறந்திருக்கிறான்.

அந்த வேலையைச் செய்தவரின் மகன்தான் இன்று அதே கராஜை நடத்துகிறார். நான் அவரை நானா என்பேன். என்னைவிட இளையவர் என்றாலும் ஊரே அப்படித்தான் அழைக்கிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதால், முன்பு படகுப்பாதைக்குக் காத்து நின்ற பயணம் இப்போது சில நிமிடங்களில் முடிகிறது. முதல் நாள் அவர் பொனற்றைத் திறந்து, இயந்திரத்தைத் தாங்கும் இரும்பைத் துணியால் துடைத்தார். “இது வாப்பாட வெல்டிங், ஐயா” என்றார். அவருடைய வாப்பா ஆழிப்பேரலையில் போனவர்.

காருக்கு விசித்திரமான நோய் ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினாலும் இயந்திரம் நிற்காது. இந்த டீசல் இயந்திரத்தை நிறுத்துவது மின்சாரமன்று. காற்றை உறிஞ்சும் வெற்றிட அமைப்பு. கதவுப் பூட்டுகளும் அதே வெற்றிடத்தில் இயங்குகின்றன. பின்னால் ஏறுவோருக்காக முன் இருக்கையின் முதுகு மடங்க வேண்டும் அல்லவா, அதன் பூட்டும் அதுவே. எங்கோ ஓரிடத்தில் கசிந்தாலும் இயந்திரம் தொடர்ந்து ஓடும். வாப்பா அந்தக் காலத்தில் உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை எடுத்து, இயந்திரத்தின் நிறுத்து நெம்பிலிருந்து சாரதியின் முழங்கால் வரை இழுத்துவிட்டார். இழுத்தால் நிற்கும். கால் நூற்றாண்டாக நின்றது.

நாங்கள் துருவை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்தோம். குளிரூட்டியைப் பழைய வாயுவிலிருந்து புதியதற்கு மாற்றினோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் மூன்று முறை அலைந்து, இருக்கைப் பூட்டின் கிழிந்த றப்பர்ச் சவ்வுக்கு மாற்றுத் தேடினேன். கசிவு நின்றது, சாவியும் தன் அதிகாரத்தைத் திரும்பப் பெற்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களின் விலை ஏறியது. கொழும்பிலிருந்து தரகர் ஒருவர் வந்தார். பெற்றோல் இயந்திரத்தை மீண்டும் பூட்டி, “ஒறிஜினல்” ஆக்கித் தந்தால் தாம் சொன்ன விலையின் இருமடங்கு என்றார். ஸ்ரீ இலக்கத் தகடு இருப்பதால் சேகரிப்பாளர்கள் மேலும் தருவார்கள் என்றும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமானது 1957 ஜனவரியில். அதே ஆண்டில்தான் பிரித்தானியர் எங்கள் கடற்படைத் தளத்தைக் கையளித்து வெளியேறினர். 1958 மார்ச்சில் அந்த எழுத்தைத் தாங்கிய அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தமிழர் அதை அழித்துத் தமிழ் எழுத்தை வரைந்தனர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினர். ஏப்ரலில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் இரத்தம் ஓடியது. எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது நினைவிருக்கிறது. அந்த எழுத்து இன்று அலங்காரப் பொருளாய் விலை பேசப்படுகிறது.

பணம் தேவைப்படாமல் இல்லை. 2022 இல் என் சேமலாப நிதியின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், டீசல் 460. மீன் வியாபாரி போட்ட கணக்கு அன்றோடு செல்லாததாயிற்று. கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கீட்டுக்காக வரிசையில் நின்றபோது, குடாவின் அப்பால் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பெரும்பாலானவை பல தசாப்தங்களாக வெறுமையாகவே நின்றவை.

தரகர் கேட்டதை நானாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். “வெட்டுறெண்டா வெட்டுவம் ஐயா. கார் உங்கட” என்றார்.

பழைய காரை மூலநிலைக்குக் கொண்டுபோவது என்கிறார்கள். எந்த மூலநிலைக்கு? 1981 இல் தொழிற்சாலையை விட்டு வந்த நிலை இந்தக் காருக்குச் சில ஆண்டுகளே வாய்த்தது. டீசலோடு அது முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டது. போர்க்காலத்தில் மனிதர் செய்த சமாளிப்புகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. பத்திரிகைகளில் நாங்களும் எழுதவில்லை. இறந்தோரின் எண்ணிக்கைக்கே பக்கங்கள் போதவில்லை. அவை இப்படியான வெல்டிங்கிலும் கேபிளிலும்தான் எஞ்சியிருக்கின்றன. இருமடங்கு விலைக்காக அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. தரகருக்கு மறுப்புச் சொல்லிவிட்டேன். அந்தத் தகட்டையும் கழற்றவில்லை. அதன் கதையையும் பேரப்பிள்ளைகள் அறியட்டும்.

72 குதிரை வலு போதாதா என்று கேட்போருக்கு: மான்கள் நடுவீதியில் படுத்து அசைபோடும் நகரில் அதற்குமேல் தேவைப்படுவதில்லை. கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர்; நேரம் கூடுதலாகும், ஆனால் போய்ச் சேர்கிறது. சாவி இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. கேபிளைக் கழற்றவா என்று நானா கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஆண்டுக்கொரு முறை அதற்கு எண்ணெய் விடுகிறார்.