நீர்நாய்களின் தாய்வீடு

தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு கயானா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காக மதராஸிலிருந்தும் நம்மவர்கள் கப்பலேறிப் போன நாடு. தலைநகர் ஜார்ஜ்டவுனில் சின்ன விமானத்தில் ஏறினால், கீழே காடு, காடு, காடு மட்டும்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்த பிறகு காடு முடிந்து புல்வெளி விரிகிறது. ருபுனுனி ஆற்றங்கரையில் ஒரு மண் ஓடுபாதை. கரனாம்பு பண்ணை வந்துவிட்டது!

1927-ல் 'டைனி' மெக்டர்க் தன் மனைவி கான்ஸ்டன்ஸுடன் இங்கே குடியேறினார். மாடு வளர்த்தார், பலாட்டா என்னும் மரப்பாலை வாங்கி விற்றார். சுற்றிலும் மக்குஷி பழங்குடியினரின் கிராமங்கள் மட்டுமே. 1950-ல் ஜெரால்ட் டரலும், 1955-ல் டேவிட் அட்டன்பரோவும் விலங்குகளைத் தேடி வந்தபோது இந்த வீட்டில்தான் தங்கினார்கள்.

பின்னாளில் பலாட்டாவுக்கு மவுசு போய்விட்டது. மாடுகளை மட்டும் நம்பிப் பெரிய பண்ணையை ஓட்ட முடியுமா? லண்டன் சவாய் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மகள் டயேன், வீட்டையே விருந்தினர் விடுதியாக்கினார். ஆனால் இவ்வளவு தூரம் யார் வருவார்கள்? அதற்கான பதில் ஆற்றிலிருந்து வந்தது.

இந்த ஆற்றில் வாழும் ராட்சத நீர்நாய்கள் ஆறடி நீளம் வரை வளரும். அவற்றின் தோலுக்காக மனிதர்கள் கொன்று குவித்ததில் இனமே அருகிப்போனது. 1980-களில் தாயை இழந்த குட்டி ஒன்று டயேனிடம் வந்து சேர்ந்தது. மீன் ஊட்டி, கூடவே ஆற்றில் நீந்தி, வளர்த்து ஆற்றிலேயே விட்டார். அதன்பின் டஜன்கணக்கில் குட்டிகள் வந்தன. வளர்ந்து போனவை சில, பிரசவத்துக்குப் பிறகும் தாய்வீட்டை மறக்காத மகளைப் போலத் துறைக்கு வந்து எட்டிப் பார்த்தன. கூப்பிட்டால் நீர்நாய் வந்து நிற்கும் வீட்டைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இங்கே நீச்சல் குளம் கிடையாது. நாலைந்து குடில்கள், கொசுவலை, ஊஞ்சல் படுக்கை. சாப்பாடு வீட்டாரோடு ஒரே மேசையில். விடியற்காலையில் குதிரையேறிய மாட்டுக்காரர்கள் புல்வெளியில் ராட்சத எறும்புதின்னியைத் தேடிப் போவார்கள். கண்டதும் தகவல் சொல்ல, நீங்கள் ஜீப்பில் போகலாம். நம்மூர் அழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது வாலோடு சேர்த்து இரண்டு மீட்டர் நீளம். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது!

மாலையில் படகில் அல்லிக் குளத்துக்குப் பயணம். கயானாவின் தேசிய மலரான விக்டோரியா அல்லியின் இலையே ஓர் ஆள் படுக்கும் அகலம். இருள் கவியும்போது வெள்ளை மொட்டுகள் கண்ணெதிரே மெல்ல விரிகின்றன. மணம் தேடி வரும் வண்டுகளை இரவு முழுக்க உள்ளே பூட்டிவைத்து, மறுநாள் மாலை இளஞ்சிவப்பாக மாறித் திறந்துவிடும். திரும்பும் வழியில் டார்ச் அடித்தால் கரையெங்கும் கரிய முதலைகளின் கண்கள் மினுங்கும்.

2016 டிசம்பரில் டயேன் காலமானார். யாரைப் பார்க்க வந்தார்களோ அவரே இல்லாத வீட்டுக்கு இனி யார் வருவார்கள் என்ற கேள்வி எழுந்திருக்கும். குடும்பத்தின் அடுத்த தலைமுறை பண்ணையைக் கைவிடவில்லை. படகோட்டி, வழிகாட்டி, சமையல்காரர் என்று பக்கத்துக் கிராமத்தாருக்கு இந்த வீட்டில் வேலை இருக்கிறது. நீர்நாயைக் காட்டிச் சம்பாதிப்பவருக்கு அதன் தோல் தேவைப்படாதே! ஒவ்வொரு நீர்நாயின் தொண்டையிலும் வெளிர்நிறத் திட்டு தனித்தனி வடிவில் இருக்கும். அதை வைத்தே எந்தக் குடும்பத்து நீர்நாய் என்று வழிகாட்டிகள் அடையாளம் சொல்வார்கள். டயேன் விட்டுப்போன சொத்து அதுதான்.

போக விரும்புவோருக்கு: மே முதல் ஆகஸ்ட் வரை கனமழை, புல்வெளியே கடலாகிவிடும். மழை ஓய்ந்த மாதங்களே நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீர்கள். இந்தியா திரும்பும்போது கேட்பார்கள்.