பூ மேல் விழுந்த பனி

“கேமரன் மலை மாதிரி குளிருமா?” என்று அம்மா கேட்டார். “அதைவிடக் கொஞ்சம் கூட” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முழுப் பொய். கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர். நான் போனது வட இந்தியாவின் லடாக்குக்கு. அங்கே விமானம் இறங்கும் லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை நிகழ்ச்சியில் மூச்சுவிடாமல் பேசுகிறவள், விடுதி வாசலில் என் பெயரைச் சொல்லவே இரண்டு முறை மூச்சு வாங்கினேன். முதல் இரண்டு நாள் படுத்துக்கிடப்பதுதான் வேலை. உடம்பு உயரத்துக்குப் பழகக் குறுக்கு வழி கிடையாது.

ஏப்ரலில் போனதற்குக் காரணம் ஆப்ரிகாட் பூ. இலை துளிர்ப்பதற்கு முன்பே கிளை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிடும். தாழ்வான ஊர்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக மேலே ஏறும். ஓர் ஊருக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். புது லென்ஸுக்காக ஆறு மாதம் காசு சேர்த்திருந்த எனக்கு அந்த ஒரு வாரத்தைத் தவறவிடக் கூடாது என்பதுதான் ஒரே கவலை.

தோழியும் நானும் லேயில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு துர்துக் கிராமத்துக்குப் புறப்பட்டோம். 200 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு பகல் முழுக்க ஓடிவிட்டது. 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லா கணவாயைக் கடந்து, ஷியோக் ஆற்றோடு போகும் பாதை. மணிக்கணக்கில் கல், மணல், சாம்பல் நிற மலை. திடீரென்று மலையடிவாரத்தில் வெள்ளைத் திட்டாக ஓர் ஊர். 1971 போர் வரை இது பாகிஸ்தான் வசம் இருந்தது. அந்த டிசம்பரில் எல்லை நகர்ந்தபோது அந்தப் பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஊர் மக்கள் பேசுவது பால்டி மொழி. 2010இல்தான் வெளிநாட்டவரை உள்ளே விட்டார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு பெரியம்மாவும் அவர் மகனும். மகனுக்கு இந்தி தெரியும். எனக்குச் சினிமா இந்தி. அன்று மாலை மரங்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், இரவு அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். போகிறவர்கள் இதைச் செய்யுங்கள்.

விடியும்போது பனி பெய்திருந்தது. பூவின் மேல் பனி! இப்படி ஒரு காட்சி கிடைக்காதா என்று எத்தனை பேர் ஏங்குகிறார்கள். செருப்போடு ஓடினேன். நூறு படமாவது எடுத்திருப்பேன். “நமக்கு அதிர்ஷ்டம்டி!” என்று தோழியிடம் கத்தியதும் நினைவிருக்கிறது.

வானொலிக்காரி என்பதாலோ என்னவோ, முதலில் காதில்தான் விழுந்தது. சலசல, பொத். சலசல, பொத். பக்கத்துத் தோட்டத்திலிருந்து, அதற்கடுத்த தோட்டத்திலிருந்து, ஓடைக்கு அப்பாலிருந்தும். எங்கள் பெரியம்மாவும் நீளக் கழியால் கிளைகளை வளைத்து உதறிக்கொண்டிருந்தார். பூ விரிந்திருக்கும்போது பனி உறைந்தால் உள்ளே இருக்கும் சூல் கருகிவிடும், காய் பிடிக்காது என்றார் மகன். இங்கே வருடத்துக்கு ஒரே காய்ப்புதான். கோடையில் கூரைகளில் காயவைக்கிற பழம், கொட்டையை ஆட்டி எடுக்கிற எண்ணெய், வீட்டுச் செலவுக்கான பணம், எல்லாமே நான் படம் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பூவிலிருந்து வர வேண்டும்.

கேமராவைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு கழியை எடுத்தேன். ஆர்வக்கோளாறில் அடித்த அடியில் பனியோடு பூவும் கொட்டியது. மகன் பதறி ஓடிவந்தார். அடிக்கக் கூடாதாம், கொக்கியை மாட்டி மெதுவாக அசைக்க வேண்டுமாம். வெயில் ஏறும்வரை அசைத்தோம். விரல் மரத்து, காலை உணவுக்குத் தந்த பக்வீட் அடையைப் பிய்க்கவே முடியவில்லை. நம்மூர்த் தோசையின் பெரியப்பா மகள் போல இருந்த அதைப் பெரியம்மாவே பிய்த்துத் தந்தார். மகனிடம் ஏதோ கேட்டார். “படம் நன்றாக வந்ததா என்று கேட்கிறார்” என்றார் மகன். அதில் குத்தல் இருந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் சங்கடமாக இருந்தது.

ஆகஸ்டில் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கூரையில் ஆரஞ்சு நிறத்தில் பழங்கள், பாதிக் கூரை மட்டும். கீழே ஒரு வரி: அன்று காலை அம்மா மரம் உதறியதை எடுத்திருந்தால் அனுப்ப முடியுமா?

மெமரி கார்டு முழுக்கத் தேடிவிட்டேன். பூவும் பனியும் 112 படங்கள் இருக்கின்றன. பெரியம்மா ஒரே ஒரு படத்தில், ஓரமாக, கழி பிடித்த கை மட்டும். அதைத்தான் அனுப்பினேன்.