உள்ளே அழுகை, வெளியே சிரிப்பு

ஹாலிவுட் 'ஜோக்கர்' (2019) பார்த்திருப்பீர்கள். (ராஜு முருகனின் 2016 'ஜோக்கர்' வேறு. அதையும் பாருங்கள்!) நாயகன் பஸ்ஸில் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை நீட்டுவான். தன் சிரிப்பு ஒரு நோய் என்று அதில் இருக்கும். அப்படி ஒரு நோய் நிஜமாகவே உண்டு நண்பர்களே. எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

அரியலூரில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறிய பிறகுதான் இது ஆரம்பித்தது. நகைக்கடை விளம்பரம் பார்த்து விம்மி விம்மி அழுவார். அரை நிமிஷத்தில் நின்றுவிடும். அதை யாரும் பெரிசுபடுத்தவில்லை. ஆனால் பங்காளி வீட்டுச் சாவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். போச்சு! அவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றது ஊர். பெரியம்மா சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார் (வழக்கமாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறக்கும் என்பது எங்கள் பெரம்பலூர்க்காரர்களுக்குத் தெரியும்). சாமி கும்பிட்டதில் தப்பே இல்லை. ஆனால் பெரியப்பா வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஒருநாள் கேட்டேன். "பெரியப்பா, அன்னிக்கு உங்களுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துச்சா?"

"இல்லடா. உள்ள அழுதுக்கிட்டுதான் இருந்தேன். வாய் சிரிக்குது."

பாதி நோய் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. பெயர் சூடோபல்பர் அஃபெக்ட். சிரிப்பு, அழுகைக்கான தசைகளை இயக்குவது மூளைத்தண்டு. மேலிருந்து அதற்குப் பிரேக் போடும் நரம்பு வழி அடிபட்டால் வண்டி தானாக ஓடும். பக்கவாதம் மட்டுமல்ல, ஏ.எல்.எஸ்., மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலைக்காயம், அல்சைமர் இவற்றிலும் வரும். மூளை நோய்களில் அழுகை எளிதில் வருவதை டார்வினே 1872-இல் எழுதியிருக்கிறார். மனச்சோர்வு வேறு. அது வாரக்கணக்கில் நீடிக்கும், தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும். இது திடீரென வந்து சீக்கிரம் போய்விடும். சிரிக்கும்போது நினைவு தப்பினால் வலிப்பா என்றும் பார்க்க வேண்டும்.

ரயிலேறி திருச்சியில் நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது, அது வரும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று! அண்ணன் போனில் இருந்தது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையையே குறைந்த அளவில் எழுதினார். இதற்கு அது பெரும்பாலும் சில நாட்களிலேயே வேலை செய்யுமாம். பெரியப்பாவுக்கு அழுகை நன்றாகக் குறைந்திருக்கிறது, சிரிப்பு எப்போதாவது வருகிறது. வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, உட்கார்ந்த நிலையை மாற்றிக்கொள்கிறார். நாங்களும் "ஏன், ஏன்" என்று நச்சரிப்பதில்லை.

இதற்கென்றே அமெரிக்கா 2010-இல் அனுமதித்த மாத்திரையில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கிறது. ஆம், இருமல் மருந்தில் வருவதேதான். அதற்காக யாரும் சிரப் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். கூடவே சேர்க்கும் குவினிடின்தான் அது உடலில் சீக்கிரம் கரைந்துபோகாமல் காக்கிறது. அதைக் கொடுக்குமுன் இதயத்துடிப்பையும் சோதிக்க வேண்டியிருக்கும்.