கணக்கில் வராத வலி

பழைய பெட்டியைத் துழாவியபோது அந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அக்காளின் மருத்துவச் செலவுக் கணக்கு, என் கையெழுத்து. 2009-ஆம் ஆண்டு, சித்திரை முதல் ஐப்பசி வரை. ஊசிக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு, வாடகைக் காருக்கு இவ்வளவு என்று காசு பிசகாமல் எழுதியிருக்கிறேன். கடைசி ஒன்பது நாளுக்கு முன்வரை ஆன செலவு 1,40,000 ரூபாய். அந்த ஒன்பது நாளுக்கு மட்டும் 1,86,000!

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூர். தென்னந்தோப்பில் ஓர் ஏக்கரை விற்றோம். விற்றதற்காக வருந்தவில்லை, நண்பர்களே! உயிரினும் பெரிதா தோப்பு? அந்தப் பணத்தைக் கொண்டு எதை வாங்கினோம் என்பதுதான் நெஞ்சைக் குடைகிறது.

நுரையீரலில் தோன்றிய புற்று இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது என்று முதல் வாரமே தெரிந்தது. படம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அடுத்த தேதி குறித்தார்கள். நோயைப் பார்த்தவர் பலர்; நோயாளியைக் கேட்டவர் யார்? "இரவில் தூக்கம் வருகிறதா, அம்மா?" என்று ஒரு சொல்! நாங்களாவது கேட்டோமா? நோயின் பெயரையே அவளிடம் மறைத்தோம். அவளோ, தனக்குத் தெரியும் என்பதை எங்களிடம் மறைத்தாள். முனகல் கேட்டால், "முன்வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்றனர் முதியோர். மார்ஃபின் என்று பேச்செடுத்த இளம் மருத்துவரிடம், "போதை மருந்தா!" என்று சீறியவன் நானே. படித்தவன், பகுத்தறிவு பேசுபவன்!

"ஊட்டுக்குப் போயர்லாங் கண்ணு" என்றாள் ஒருநாள். அழைத்துப் போகவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு அந்தப்புறம் அவள், இந்தப்புறம் நாங்கள். ஒன்பது நாள்.

மறு ஆண்டு, 2010-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அக்காளுக்கு வந்ததுபோல் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்டோர் 151 பேர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அதனுடன், நோய் தெரிந்த சில வாரங்களுக்குள்ளேயே, வலியும் மூச்சுத் திணறலும் மனச்சோர்வும் தணிக்கும் மருத்துவரும் செவிலியரும் கொண்ட ஆதரவுக் குழு. இவர்களிடையே மனச்சோர்வு குறைந்தது. கடைசி நாட்களில் கடுஞ்சிகிச்சைக்கு ஆளானோரும் குறைவு. இருந்தும் இவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கோ 8.9!

பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் நீளவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயுள் நீளாவிடினும், இருக்கும் நாள் இருக்கத்தக்க நாளாகிறதே, அது போதாதா?

"கருணை பேசுகிறாய், காசு யார் தருவது?" என்பர். நியாயமான கேள்வி. ஐக்கிய அமெரிக்காவின் 5 மருத்துவமனைகளில், முற்றிய புற்றுநோயுடன் சேர்க்கப்பட்டோரை ஆராய்ந்து 2015-இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். சேர்ந்த 2 நாளுக்குள் ஆதரவுக் குழு வந்து பார்த்தால் செலவு 24 விழுக்காடு குறைகிறது. 6 நாளுக்குள் என்றால் 14 விழுக்காடுதான். தாமதத்துக்கும் விலை உண்டு! ஆனால் குழுவினரின் சம்பளம் ஏட்டில் தெரியும். நேராமற்போன செலவு எந்த ஏட்டில் ஏறும்? நம் நாட்டில் இன்னொரு சிக்கல். மிச்சமாவது குடும்பத்தின் பணம். குறைவது மருத்துவமனையின் வருமானம். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒருவர் வேலையை விடவேண்டும். அவர் பெரும்பாலும் பெண். அவள் இழக்கும் கூலியை எந்த ஆய்வாளர் சேர்த்தாலும் நல்லது.

இத்தனைக்கும், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோழிக்கோடு. அங்கே 1993-லேயே வலி தணிப்புக்கென மருத்துவர்கள் சங்கம் கண்டு, ஊர்த் தொண்டர்களையும் பழக்கி, வீடு தேடிச் சென்றுகொண்டிருந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. நாங்கள் தோப்பு விற்றது அதற்கு அடுத்த ஆண்டு!

சென்ற தை மாதம் அக்காளின் கணவருக்கு உணவுக்குழாயில் புற்று என்றார்கள். கீமோ தொடங்கும் முன்பே ஆதரவுச் சிகிச்சை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "சாகப்போகிறவர்களுக்கல்லவா அது?" என்று உறவினர் சினந்தனர். அங்கிருந்த செவிலிப் பெண் நாற்காலியை அவரருகே இழுத்துப் போட்டு அமர்ந்து, "ஐயா, இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டாள். அவர் வாய் திறக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் எழுந்துபோகவில்லை.