ஒரு பெயரும் இரண்டு உலாவிகளும்

ஒரே கேள்விக்கு மனிதன் இருவேறு விடை தந்தால் அவனை ஐயுறுகிறோம். இயந்திரம் அவ்வாறு செய்தாலோ, அதனைப் பயன்படுத்தியவரையே ஐயுறுகிறோம். இவ்வழக்கம் எத்துணை அநீதியானது என்பதை, இணையப் படிவமொன்றின் பழுதைத் தேடப் புகுந்தபோது உணர்ந்தேன். தமிழ் பயில்வோருக்கும் கணினி பயில்வோருக்கும் ஒருங்கே உரிய செய்தியாதலின் அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

2021ஆம் ஆண்டு, கொள்ளைநோயினால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். கல்முனைப் பகுதியின் உயர்தர மாணவருக்கு உதவித்தொகை வழங்க முன்வந்த அமைப்பொன்று இணையவழியே விண்ணப்பங்களைக் கோரியிருந்தது. பெயரைத் தமிழிலேயே எழுதலாம் என்ற அறிவிப்பைக் கண்டு மகிழ்ந்தோருள் யானும் ஒருவன். ஆயின், மருதமுனை நெசவாளி ஒருவரின் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சேர், என்ட பேரு பிழையாம். எத்தின தரம் எழுதினாலும் ஏலாதெண்டுதான் வருது" என்றாள். 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருத்தல் வேண்டும்' என்பது படிவத்தின் மறுமொழி. அவள் எழுதியதோ 'பாத்திமா' எனத் தொடங்கும் பெயர். எழுத்தன்றி வேறொன்றும் அதில் இல்லை.

ஆங்கிலத்தில் எழுதுமாறு அவளுக்குப் பிறர் யோசனை கூறியிருந்தனர். நம் ஊர்களில் அஃது எளிய யோசனையன்று. பாத்திமா என்பதன் தகரத்துக்கு 'டி' மட்டும் இடுவார் உளர். 'எச்' சேர்ப்பார் உளர். ஈற்றில் மற்றுமோர் 'எச்' வைப்பாரும் உளர். பரீட்சைச் சான்றிதழில் ஒன்றும் விண்ணப்பத்தில் வேறொன்றுமாக அமைந்துவிட்டால், இருவரும் ஒருவரே என நிறுவச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். தந்தை தறியை விட்டிறங்கி ஒரு நாட் கூலியை இழக்க வேண்டும்.

இதனிடையே ஒரு வியப்பு நேர்ந்தது. அவளுடைய வகுப்புத் தோழி அதே படிவத்தைத் தமிழிலேயே நிரப்பி அனுப்பியிருந்தாள். போட்டோப் பிரதிக் கடையொன்றிலிருந்த பழைய கணினியில், விண்டோஸ் எக்ஸ்பியின் மேல் இயங்கிய பயர்பொக்ஸ் 52 என்னும் உலாவியில் அதனைச் செய்திருந்தாள். புதிய கைபேசியின் குரோம் உலாவி மறுத்ததைப் பழைய கணினி ஏற்றுக்கொண்டது. புதியது திறமாகவும் பழையது குறையாகவும் இருக்கும் என்ற நம் எதிர்பார்ப்பு தலைகீழாயிற்று.

பழுது தேடுவோனுக்கு முதல் விதி, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல். முழுப் பெயரை விடுத்து ஓரெழுத்தாக என் கைபேசியில் இட்டுப் பார்த்தேன். 'க' ஏற்கப்பட்டது, 'கா' மறுக்கப்பட்டது. 'கமல' ஏற்கப்பட்டது, 'கல்' மறுக்கப்பட்டது. காரணம் அப்போதே புலனாயிற்று. நம் இலக்கணத்தில் 'பா' ஓரெழுத்து. கணினிகள் கைக்கொள்ளும் யூனிகோட் முறையிலோ அது பகரம் ஒன்று, கால் ஒன்று என இரு குறிகள். பகரம் 'எழுத்து' என்ற வகையில் அடங்கும். காலும் கொம்பும் புள்ளியும் 'சேர்குறி' என்ற வேறு வகையில் அடங்கும். எழுத்து வகையை மட்டும் அனுமதி என்று நிரலாளர் எழுதியிருந்தார். புள்ளியும் காலும் இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை உண்டு? 'கல்முனை' என்ற ஊர்ப்பெயரே அச்சோதனையில் தேறாது.

அவ்வாறாயின் பழைய உலாவி ஏன் ஏற்றது? எழுத்து வகைகளைக் குறிக்கும் அந்த ஆணைவடிவம் 2018ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில்தான் சேர்க்கப்பட்டது. குரோம் அவ்வாண்டிலேயே அதனைக் கற்றது. பயர்பொக்ஸ் 2020இல் வெளிவந்த 78ஆம் பதிப்பில் கற்றது. 52ஆம் பதிப்புக்கு அவ்வரி விளங்காத மொழி. தொடரிலக்கணப் பிழையுள்ள நிரற்கோப்பை உலாவி முழுவதுமாகவே கைவிட்டுவிடும். எனவே சோதனை எதுவும் நடைபெறவில்லை. காவலாளி இல்லாத வாயிலால் பெயர் உட்சென்றது.

ஆகவே பழைய உலாவியின் ஏற்பும் நம்பத்தக்கதன்று. பிறந்த தேதிக்கு நாட்காட்டி காட்டும் வசதி பயர்பொக்ஸில் 2017இன் 57ஆம் பதிப்பிலேயே வந்தது. கடைக் கணினி வெறும் எழுத்துப் பெட்டியைக் காட்ட, தோழி 05/10/2003 என்று எழுதியிருந்தாள். நம் வழக்கில் அது ஒக்டோபர் 5. ஜாவாஸ்கிரிப்ட் அதனை மே 10 என வாசிக்கும். ஒருத்தி வெளியே நிறுத்தப்பட்டாள். மற்றவள் பிழையான பிறந்தநாளோடு உள்ளே போகும் நிலையில் இருந்தாள்.

இவ்வேறுபாடுகளின் வேர் பழையது. 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்டைப் படைத்தது; 1996இல் மைக்ரோசொப்ட் அதனைப் பார்த்துத் தனக்கென ஒன்றை ஆக்கிற்று; 1997இல் பொதுத்தரம் பிறந்தது. தரம் ஒன்றாயினும் அதனைக் கற்கும் காலம் உலாவிக்கு உலாவி வேறுபடுகின்றது.

கண்டவற்றை எழுதி அமைப்பினருக்கு அனுப்பினேன். யூனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களையும் அனுமதித்தால் பழைய உலாவிக்கும் விளங்கும் என்றும், தேதியை நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகளாகப் பிரிக்கலாம் என்றும், இறுதிச் சோதனை உலாவியிலன்றி அவர்தம் வழங்கியில் நடைபெறல் வேண்டும் என்றும் குறித்தேன். அவர்கள் மனமுவந்து திருத்தினர். நெசவாளியின் மகள் தன் பெயரைத் தமிழிலேயே எழுதி அனுப்பினாள். தோழியின் பிறந்தநாளும் கேட்டுச் சரிசெய்யப்பட்டது.

எல்லா உலாவிகளும் ஒன்றுபோல் மறுத்திருந்தால், மாணவர்க்குத் தமிழ் தட்டச்சுத் தெரியவில்லை என்றே முடிவு கட்டியிருப்பர். இரண்டும் முரண்பட்டமையே படிவத்தின் குறைக்குச் சான்றாயிற்று. நிரலெழுதும் மாணவர்க்கு யான் கூறக்கூடியது இதுவே: சோதனைக்கென்று ஆங்கிலப் பெயரொன்றை இட்டு மனநிறைவு கொள்ளாதீர்கள். உங்கள் உம்மாவின் பெயரை, அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதி, உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய கணினியிலும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.