அவளுடைய படிப்பு

எங்கள் ரெஸ்ரோரண்டில் மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளை இந்த ஆனியில் முதுகலைப் பட்டம் வாங்கினாள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். என்னை அண்ணை என்பாள். என்ன படிக்கிறாய் என்று முன்பொருநாள் கேட்டதற்கு "மாணவர் விவகாரம்" என்றாள். குசினியில் எல்லோரும் சிரித்தோம். "மாணவருக்கு என்ன விவகாரம், காதலும் கடனும்தானே" என்றார் பெரிய சமையற்காரர்.

அவர் சொன்னது பிழையில்லை. காதல், கடன், அறை வாடகை, மனச்சோர்வு, வகுப்புக்கு வராமல் விடுவது, இவைதான் பாடம். மாணவனை மூளையாக மட்டும் பாராமல் முழு ஆளாகப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்கக் கல்விச் சபை 1937இலேயே அறிக்கை எழுதியிருக்கிறது. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு இது ஒரு படிப்பா? அவளுடைய தாய் கலியாண வீடுகளில் "மகள் மாஸ்ரர்ஸ் செய்யிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வாவாம்.

கடை பூட்டினபிறகு முள்ளுக்கரண்டி துடைத்தபடி அவள் சொன்ன ஒரு கதை எனக்கு மறக்காது. 1960 மாசியில், அலபாமாவின் மொன்ற்கொமரி நகர நீதிமன்றக் கட்டடத்திலிருந்த சாப்பாட்டுக்கடையில் கறுப்பின மாணவர்கள் போய்ச் சாப்பாடு கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டுமான கடை. சாப்பாடு கொடுக்காமல் கடையையே பூட்டினார்கள். அந்த மாணவர்களில் ஒன்பது பேர் முறையான விசாரணை எதுவுமின்றிக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அரசாங்கக் கல்லூரி ஒரு மாணவனை ஒழுங்கீனம் என்று வெளியேற்றுமுன் காரணத்தை அறிவித்து, அவன் பக்கத்தையும் கேட்கவேண்டும் என்று 1961இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. டிக்சன் வழக்கு என்பார்கள். ஒரு பிளேட் சாப்பாட்டில் தொடங்கிய வழக்கு! கோப்பை கழுவுகிற எனக்கு அது பிடித்துப்போனது.

என்னை ஒருவரும் வெளியேற்றவில்லை. வெளியேற்றியிருந்தால் கடிதமாவது வந்திருக்கும். 2013இல், மூன்றாம் வருடம், அப்பாவின் செத்தவீட்டுக்கென்று ஊருக்குப் போனவன் கம்பசுக்குத் திரும்பவில்லை. பிறகு ஏஜென்சி, பிறகு இந்தக் குசினி.

சொல்லாமல் கொள்ளாமல் படிப்பை விட்டவர்களைப் பற்றித்தான் அவள் ஆய்வு செய்தாள். அதை ஒரு மாநாட்டில் வாசித்துமிருக்கிறாள். என்னையும் ஒருநாள் உட்காரவைத்து, பதிவு செய்யட்டோ என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாள்.

"நீங்கள் போகாமல் விட்டாப்பிறகு கம்பசிலயிருந்து ஒருத்தரும் தேடேல்லையோ அண்ணை?"

"ஒராள் வந்தவர். கன்ரீன்காரர். அந்தியேட்டி முடிஞ்ச கையோட வந்தவர். ஆயிரத்து எழுநூறு ரூபா கணக்கு நிண்டது. அம்மா குடுத்துவிட்டவ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவர் ஏன் வரேல்லையெண்டு கேட்டவரோ?" என்றாள்.

கேட்டவர்தான். அதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். தேத்தண்ணி குடித்து, அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, சோதினையையாவது எழுதன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவளுக்கு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று கிழமை வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்பதும் அந்த வேலையில் ஒன்று. திங்கட்கிழமை தொடங்குகிறாள். சனி, ஞாயிறு இரவுகளுக்கு அவளுடைய இடத்துக்கு முதலாளி இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.